மாதர் பக்கத்து ஆசிரியை

1944-ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் இன்னும் ஓயவில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத் தலைநகரான லிங்கனில், இதழியல் பட்டம் பெற்று வெளிவந்த கையோடு ஓர் இளம்பெண் யுனைட்டெட் பிரஸ் என்னும் செய்தி நிறுவனத்தில் பணிக்குச் சேர்ந்தார். சேரும்பொழுதே அவரிடம் ஒரு தாளை நீட்டிக் கையொப்பம் பெற்றுக்கொண்டனர். போருக்குச் சென்ற ஆடவர் திரும்பி வரும்பொழுது இந்த இடத்தை விட்டு மறுப்பின்றி விலகிக்கொள்வேன் என்பதே அத்தாளில் கண்ட உறுதிமொழியின் சாரம். வேலை கிடைத்த நாளும் வேலை போகும் நாளுக்கு ஒப்புதல் தந்த நாளும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

அப்பெண்ணின் பெயர் மார்ஜரி பாக்ஸன். அமெரிக்கப் பத்திரிகை வரலாற்றை எழுதியவர்கள் நெடுங்காலம் அவர் பெயரைக் குறிப்பிட்டதில்லை. போர்முனையிலிருந்து செய்தி அனுப்பியவர்களும், அரசுகளை ஆட்டங்காண வைத்தவர்களும், பெரும் பத்திரிகைகளை விலைக்கு வாங்கியவர்களுமே அவ்வரலாற்றை நிறைத்திருக்கின்றனர். பாக்ஸன் அம்மையாரோ தம் வாழ்நாளின் நடுப்பகுதி முழுவதையும் மாதர் பக்கத்தில் கழித்தவர். திருமணச் செய்தியும் சமையற் குறிப்பும் வெளிவரும் பக்கத்துக்கு வரலாறு உண்டா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவ்வரலாறு உண்டு, அது சற்றுக் கசப்பானதும்கூட. பாக்ஸன் தம் பணிவாழ்வில் மூன்று முறை இடமிழந்தார். முதல்முறை, ஆண்கள் போரிலிருந்து திரும்பியதால். மற்ற இரண்டு முறையும், விந்தையினும் விந்தையாக, பெண்களுக்குச் சமத்துவம் வந்துவிட்டது என்ற காரணத்தால்!

அவர் 1923-இல் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் பிறந்தவர். கல்விக் கட்டணமே வாங்காதிருந்த ரைஸ் கல்விக்கழகத்தில் இரண்டாண்டுகள் பயின்றபின், மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் இதழியற் பள்ளிக்குச் சென்றார். 1908-இல் தொடங்கப்பட்ட அப்பள்ளி, இத்துறைக்கென ஏற்பட்ட பள்ளிகளுள் மூத்தது. அங்கே பட்டம் பெற்ற ஆண்டிலேயே லிங்கன் நகரில் வேலையும் கிடைத்தது. அமைதிக் காலமாயிருந்தால் செய்தி நிறுவனங்கள் ஒரு பெண்ணை மாநிலச் சட்டமன்றத்துக்கு நிருபராக அனுப்பியிருக்க மாட்டா. போர் காரணமாக அவ்வாய்ப்பு பாக்ஸனுக்கு வந்தது. சட்டமன்ற விவாதங்களையும் மாநில அரசின் நடவடிக்கைகளையும் எழுதினார். இரண்டாண்டுகள் கழிந்தன. போர் முடிந்தது, தாளில் எழுதியது நிறைவேறியது. 1946-இல் அவர் ஒமாஹா நகருக்குப் போய் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 1948-இல் ஊர் திரும்பியபொழுது ஹூஸ்டன் போஸ்ட் நாளிதழில் அவருக்குக் கிடைத்த இடம் சமூகப் பகுதி ஆசிரியை என்பது. செய்திப் பிரிவில் நான்காண்டுகள் பழகிய ஒருவர், மணமக்கள் படங்களுக்கு விளக்கம் எழுதும் மேசைக்கு வந்து சேர்ந்தார்.

இந்த இடத்தில் அம்மேசையின் வரலாற்றையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பெருநகரங்களில் பல்பொருள் அங்காடிகள் எழுந்தன. ஆடை, பாத்திரம், தட்டுமுட்டுச் சாமான் அனைத்தையும் ஒரே கூரையின்கீழ் விற்ற அவ்வணிகர்கள், வீட்டுக்குப் பொருள் வாங்குபவள் பெண்ணே என்பதை நன்கு அறிந்திருந்தார்கள். அவள் கண்ணில் படும் இடத்தில் விளம்பரம் வேண்டும். அவ்விளம்பரத்துக்குப் பக்கத்தில் அவள் படிக்கத்தக்க ஏதேனும் எழுத்து வேண்டும். மாதர் பக்கம் பிறந்த கதை பெரும்பாலும் இவ்வளவுதான். பெண்ணுலகுக்குச் செய்த கைங்கரியமாக அதைப் பத்திரிகை அதிபர்கள் பேசிக்கொண்டாலும், கணக்குப் புத்தகம் வேறு விதமாகவே பேசிற்று.

அப்பக்கத்தின் உள்ளடக்கத்தை அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் நான்கு சொற்களில் அடக்கிவிடுவர்: குடும்பம், உணவு, உடை, வீட்டு அலங்காரம். ஆங்கிலத்தில் இந்நான்கும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் அதுவே ஒரு கேலிப் பெயராகவும் நிலைத்துவிட்டது. இவற்றோடு ஊர்ப் பெரிய குடும்பங்களின் நிச்சயதார்த்தம், திருமணம், தேநீர் விருந்து, மாதர் சங்கக் கூட்டம். மணமகளின் படம் எத்தனை பத்தி அகலத்தில் வந்தது என்பதைக் கொண்டே ஒரு குடும்பத்தின் மதிப்பை ஊரார் அளந்த காலம் அது. பத்தியின் அகலத்தை அளப்பதில் இவ்வளவு கவனம் செலுத்திய தென் மாநில நாளிதழ்கள் பலவற்றில், கறுப்பின மணமகளின் படத்துக்கு நெடுங்காலம் ஒரு விரற்கடை இடமும் இருந்ததில்லை. இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். மாதர் பக்கத்தின் பெருமையைப் பேச வருபவர்கள், அது எந்த மாதருக்கு உரிய பக்கமாக இருந்தது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது.

செய்திப் பிரிவினர் இப்பகுதியை மதித்ததில்லை. பெரும்பாலான நாளிதழ்களில் மாதர் பகுதியினர் தனி அறையிலோ கூடத்தின் ஒரு மூலையிலோ அமர்ந்திருப்பார்கள். முதற்பக்கத்து ஆசிரியர் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. ஆனால் இந்தப் புறக்கணிப்புக்குள் ஒரு நன்மையும் மறைந்திருந்தது. எவரும் எட்டிப்பார்க்காத இடத்தில் என்ன செய்தாலும் கேட்பாரில்லை அல்லவா! அதைக் கண்டுகொண்ட ஆசிரியைகள் சிலர் தோன்றினர். அவர்களுள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் டோரதி ஜர்னி.

ஜர்னியின் கதையும் பாக்ஸனின் கதைக்கு உடன்பிறந்ததே. இந்தியானா மாநிலத்தில் பத்திரிகை ஆசிரியர் ஒருவரின் மகளாகப் பிறந்து, போர்க்காலத்தில் வாஷிங்டன் டெய்லி நியூஸ் நாளிதழில் நகரச் செய்தி ஆசிரியர் பொறுப்பைத் தற்காலிகமாக வகித்தார். தலைநகரின் நாளிதழ் ஒன்றில் அது எளிய பொறுப்பன்று. போர் முடிந்ததும், அவர் பெண்ணாதலால் அப்பதவியில் அவரை நிலைப்படுத்த இயலாது என்று கூறிவிட்டனர். அத்துடன் நிற்கவில்லை, அப்பதவிக்கு வந்த ஆடவருக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தனர். கற்றுக்கொடுத்துவிட்டு அவர் அங்கிருந்து விலகினார். 1949-இல் மயாமி ஹெரால்டு நாளிதழின் மாதர் பகுதிக்கு ஆசிரியையாக வந்தார்.

செய்தி ஆசிரியராக இருக்க விடாத ஒருவரை மாதர் பக்கத்தில் அமர்த்தினால் என்ன நடக்கும்? மாதர் பக்கம் செய்திப் பக்கமாகும். மயாமியில் அதுதான் நடந்தது. மாதர் சங்கங்களின் தேநீர் விருந்துச் செய்திகளை அடியோடு நிறுத்தினால் ஊர்ப் பெரிய வீட்டுப் பெண்களின் சினத்துக்கு ஆளாக நேரும். பத்திரிகை அதிபரும் விளம்பரதாரரும் பொறுக்கமாட்டார்கள். ஆகவே ஹெரால்டின் ஆசிரியைகள் வேறு வழி கண்டனர். சங்கங்களுக்கிடையே ஒரு போட்டி வைத்தார்கள். ஊருக்கு நற்பணி ஆற்றிய சங்கத்துக்குப் பரிசு. அதன் பணியைப் பற்றிப் பத்திரிகையில் எழுத்து. எப்படிச் செய்தி எழுதி அனுப்புவது என்று சங்கப் பெண்களுக்கு வகுப்பும் நடத்தினார்கள். யார் வீட்டு விருந்தில் யார் என்ன உடுத்தி வந்தார் என்பதை விடுத்துச் சங்கங்கள் ஊரின் குறைகளைத் தேடிப் புறப்பட்டன. ஆசிரியைகள் எவரையும் கண்டித்து ஒரு சொல் எழுதவில்லை. பத்திரிகையில் பெயர் வரவேண்டும் என்ற மனித ஆசையையே கருவியாகக் கொண்டு செய்த மாற்றம் இது. எனக்கு இதில் வியப்பைவிட மகிழ்ச்சியே மிகுதி.

1952-இல் போஸ்ட் நாளிதழை விட்டு ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழின் மாதர் பகுதிக்குத் தலைமை ஏற்றிருந்த பாக்ஸன், 1956-இல் அப்பதவியைத் துறந்து மயாமிக்கு வந்தார். தலைமைப் பதவியை விட்டுத் துணையாசிரியர் மேசைக்கு வருவது உலக வழக்கில் இறக்கமே. ஆயினும், மாதர் பகுதியை நடத்துவதில் அந்நாட்டிலேயே முன்னணியில் நின்ற ஓரிடத்தில் தொழில் கற்பதற்கு அந்த விலையை அவர் கொடுத்தார். பிறர் எழுதியதைச் செம்மை செய்வது, தலைப்பிடுவது, பக்கம் அமைப்பது ஆகியவை அவர் வேலைகள். 1959-இல் ஜர்னி டெட்ராய்ட் நகரத்துக்குச் சென்றபின் மரீ ஆண்டர்சன் ஆசிரியையாக, அவருக்கு உதவி ஆசிரியையாக பாக்ஸன் இருந்தார். பன்னிரண்டு ஆண்டுகள்! மனிதர் ஒருவர் இரண்டாம் இடத்தில் இத்தனை காலம் நிறைவோடு இருந்திருக்கிறார் என்றால் அவ்விடத்தின் தன்மையும் அவருடைய தன்மையும் ஒருங்கே விளங்கும்.

மிசௌரி இதழியற் பள்ளி, ஜே. சி. பென்னி என்னும் அங்காடி நிறுவனத்தின் பொருளுதவியோடு 1960-இல் மாதர் பகுதிகளுக்கென ஆண்டுப் பரிசு ஒன்றை ஏற்படுத்திற்று. திருமணச் செய்திகளுக்கு அப்பால் சென்று சமூகத்தின் உண்மைச் சிக்கல்களை எழுதிய பகுதிகளைத் தேடி எடுத்துச் சிறப்பிப்பதே அதன் நோக்கம். முதற்பரிசு ஆயிரம் டாலர். பணத்தைக் காட்டிலும், ஆண்டுக்கொருமுறை நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மாதர் பகுதி ஆசிரியைகள் கொலம்பியா நகரில் ஒன்றுகூடியதே பெரும்பயன் தந்தது. தத்தம் அலுவலகங்களில் மூலையில் ஒதுக்கப்பட்டிருந்தவர்கள், தம்மைப் போல் நாடு முழுவதும் பலர் இருக்கக் கண்டனர். ஆண்டர்சனின் மயாமிப் பகுதி நான்கு முறை பரிசு பெற்றது. இவர் வந்தால் பிறருக்கு வாய்ப்பே இராது என்று கருதிய நடத்துநர்கள், இனிப் போட்டிக்கு வரவேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொள்ளும் நிலை ஏற்பட்டது. டல்லாஸ் நகரின் டைம்ஸ் ஹெரால்டில் விவியன் காசில்பெர்ரி அம்மையாரும் ஏறத்தாழ இக்காலத்தில் இதே வழியில் நடந்தவர். ஐந்து பெண்மக்களுக்குத் தாயான அவர், குழந்தைகள் துன்புறுத்தப்படுவதையும் மனைவியர் அடிபடுவதையும் பத்திரிகைப் பொருளாக்கினார். இவையெல்லாம் 'செய்தி' அல்ல என்று முதற்பக்கத்தார் எண்ணியிருந்த காலத்தில், அவை வெளிவர ஓரிடம் மாதர் பக்கத்திலே கிடைத்தது.

பாக்ஸன் 1963 முதல் 1967 வரை 'தீட்டா சிக்மா ஃபை' என்னும் அமைப்பின் தேசியத் தலைவராகவும் இருந்தார். பெண் பத்திரிகையாளருக்கென 1909-இல் தோன்றிய சங்கம் அது. தனிச் சங்கம் எதற்கு என்று கேட்கலாம். ஆண் பத்திரிகையாளரின் பெரிய சங்கமான 'சிக்மா டெல்டா கை' 1969 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. வாஷிங்டனிலுள்ள தேசியப் பத்திரிகையாளர் மன்றத்தில் 1971-இல்தான் பெண்கள் உறுப்பினராக முடிந்தது. அதற்கு முன்பு, உலகத் தலைவர்கள் அம்மன்றத்தில் உரையாற்றும்பொழுது, கீழே ஆண்கள் விருந்துண்டபடி கேட்பர்; பெண் நிருபர்கள் மாடத்தில் நின்று குறிப்பெடுப்பர். அமெரிக்கச் செய்தித்தாள்களின் வேலை விளம்பரங்களே ஆண்களுக்குத் தனியாகவும் பெண்களுக்குத் தனியாகவும் பத்தி பிரித்து வெளிவந்தன. அவ்வழக்கம் செல்லாது என்று உச்சநீதிமன்றம் 1973-இல் தீர்ப்பளித்தது. உலகின் அநீதிகளையெல்லாம் எடுத்துக்காட்டும் தொழில் தன் வீட்டைக் கடைசியாகவே பெருக்குகிறது.

இந்நிலையில் அமெரிக்கப் பெண்களின் புதிய இயக்கம் தலையெடுத்தது. 1966-இல் தேசியப் பெண்கள் அமைப்பு நிறுவப்பட்டது. அச்செய்தியை நியூயார்க் டைம்ஸ் அவ்வாண்டு நவம்பர் 22-ஆம் நாள் வெளியிட்டது. எங்கே? மாதர் பக்கத்தில், நன்றியறிதல் திருநாளுக்கு வான்கோழி சமைக்கும் முறையைக் கூறும் கட்டுரையோடு சேர்த்து. இயக்கப் பெண்கள் இதை மறக்கவேயில்லை. நாட்டின் சரிபாதி மக்களின் உரிமைக் குரல் சமையற் குறிப்போடு ஒண்டிக்கொள்ள வேண்டுமா என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் செய்தி முதற்பக்கத்தில் வரட்டும். பெண்ணுக்கென்று ஒதுக்கிய பக்கமே ஒரு சிறை. அதை உடையுங்கள் என்றனர்.

அந்தச் சிறைக்குள்தான் அவர்களுக்குத் துணை நின்றவர்கள் இருந்தார்கள் என்பதை அவர்கள் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வான்கோழியின் பக்கத்தில் அச்செய்தி வந்தது இழிவு என்றால், முதற்பக்கத்தார் அதைத் தொடவேயில்லை என்பது அதனினும் பெரிய இழிவன்றோ? மாதர் பக்கம் இல்லாதிருந்தால் அன்றைய நாளில் அச்செய்தி வேறு எங்கே வந்திருக்கும்? இரு சாராரையும் குறை கூற இடமில்லை. ஒரு சாரார் வாயிலுக்கு வெளியே நின்று கதவைத் தட்டினர். மற்றொரு சாரார் உள்ளே ஒரு மூலையில் இருபதாண்டுகளாக ஓசையின்றி வேலை செய்துகொண்டிருந்தனர். கதவு திறந்தபொழுது அம்மூலையையே இடித்துவிட்டார்கள்.

1969 சனவரியில் வாஷிங்டன் போஸ்ட் தன் மாதர் பகுதியை எடுத்துவிட்டு, கலை, பொழுதுபோக்கு, வாழ்க்கை முறை ஆகியவற்றைக் கலந்து 'ஸ்டைல்' என்னும் புதிய பகுதியை வெளியிட்டது. பெரிய பத்திரிகை ஒன்று செய்ததைப் பிற பத்திரிகைகள் பின்பற்றுவது வழக்கம். நாடெங்கும் மாதர் பகுதிகள் மறைந்து வாழ்க்கைமுறைப் பகுதிகள் தோன்றின. ஆணும் பெண்ணும் சமம் என்றால் பெண்ணுக்குத் தனிப் பக்கம் எதற்கு என்பதே அதிபர்களும் ஆசிரியர்களும் சொன்ன காரணம். மறுக்க முடியாத காரணந்தான். ஆனால் பெண்ணுக்குத் தனிப் பக்கம் வேண்டாமென்றவர்கள், அப்பக்கத்தை நடத்திய பெண்களுக்கு முதற்பக்கத்தில் இடம் தந்தார்களா என்று பார்த்தால், பெரும்பாலும் தரவில்லை. பெயர் மாறிய பகுதிக்குத் தலைவர்களாகப் பல இடங்களில் ஆண்களை அமர்த்தினர். மாதர் பகுதி ஆசிரியை என்பது, பல நாளிதழ்களில் பெண் ஒருத்தி வகித்த ஒரே ஆசிரியப் பதவி. அது போனதும் ஆசிரியக் கூட்டத்தில் பெண் உட்கார்ந்த ஒரே நாற்காலியும் போய்விட்டது.

பாக்ஸனுக்கு இது நேர்ந்த விதத்தைப் பாருங்கள். 1968-இல் அவர் புளோரிடாவிலேயே உள்ள செயின்ட் பீட்டர்ஸ்பர்க் டைம்ஸ் நாளிதழுக்கு மாதர் பகுதி ஆசிரியையாகச் சென்றார். பன்னிரண்டு ஆண்டுக்காலப் பயிற்சி முழுவதையும் தாமே தலைமையேற்றுப் பயன்படுத்திக்கொள்ளும் வாய்ப்பு அது. மறுஆண்டே, 1969-இல், பென்னி-மிசௌரிப் பரிசு அவருடைய பகுதியைத் தேடி வந்தது. எந்தப் பள்ளியில் தொழில் கற்றாரோ அதே பள்ளி, கால் நூற்றாண்டு கழித்து, அத்தொழிலில் சிறந்தவர் என்று அவரைப் பாராட்டிற்று. அதற்கு அடுத்த ஆண்டு அம்மாதர் பகுதி கலைக்கப்பட்டது. புதிய பகுதிக்குத் தலைமை அவருக்கு இல்லை. உதவி ஆசிரியராகக் கீழிறக்கப்பட்டார். நாட்டிலேயே சிறந்தது என்று பேரெடுத்த பகுதியை நடத்தியவருக்கு, பெயர் மாறிய அதே பகுதியை நடத்தும் தகுதி எவ்வாறு இல்லாமற் போயிற்று?

அவர் அங்கிருந்து பென்சில்வேனியாவுக்குச் சென்றார். ஃபிலடெல்ஃபியா நகரின் புல்லட்டின் அக்காலத்தில் பெரும் புழக்கம் கொண்ட மாலை நாளிதழ். அங்கே மாதர் பகுதி ஆசிரியையாகப் பொறுப்பேற்றார். சில ஆண்டுகளில் அங்கும் அதே காற்று வீசிற்று. மாதர் பகுதி மறைந்தது. அவரை ஞாயிறு இதழின் துணையாசிரியராக மாற்றினார்கள். முன்பு வெளியேற்றப்பட்டபோதாவது கையொப்பமிட்ட ஒரு தாள் இருந்தது. இப்பொழுது தாளும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை. ஐம்பது வயதை எட்டிய ஒருவர், மூன்றாம் முறையாகத் தொழிலை மீண்டும் அடியிலிருந்து தொடங்க வேண்டியவரானார்.

இவ்விடத்தில் அவர் ஒதுங்கியிருந்தால் இக்கட்டுரைக்கும் வேலை இருந்திராது. 1975-ஐ ஐக்கிய நாடுகள் அவை அனைத்துலகப் பெண்கள் ஆண்டாக அறிவித்திருந்தது. அவ்வாண்டு ஜூன் 19 முதல் ஜூலை 2 வரை மெக்சிகோ நகரில் முதலாவது உலகப் பெண்கள் மாநாடு கூடிற்று. அரசுப் பிரதிநிதிகள் ஓரிடத்திலும், அரசு சாராத அமைப்புகளின் பெண்கள் வேறோரிடத்திலுமாகக் கூடினர். ஆயிரக்கணக்கில் திரண்ட இவ்விரண்டாம் கூட்டத்துக்கென 'ஷிலோனென்' என்ற பெயரில் எட்டுப் பக்க நாளிதழ் ஒன்று வெளியிடப்பட்டது. இளஞ்சோளக் கதிருக்குரிய அஸ்டெக் தெய்வத்தின் பெயர் அது. ஆங்கிலமும் ஸ்பானிய மொழியும் கலந்து வெளிவந்த அவ்விதழுக்கு ஆசிரியர் மார்ஜரி பாக்ஸன்.

வேறு ஊரில், வேறு மொழியில், நாள்தோறும் ஒரு பத்திரிகையை அச்சேற்றுவது எத்தகைய வேலை என்பதை இத்தொழிலில் இருப்போர் அறிவர். அக்கூட்டமும் அமைதியான கூட்டமன்று. பொலிவியச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மனைவியான தொமித்திலா பாரியோஸ் எழுந்து, வசதி படைத்த நாட்டுப் பெண்களின் கவலையும் தம் ஊர்ப் பெண்களின் கவலையும் ஒன்றல்ல என்று வாதிட்ட கூட்டம் அது. பெட்டி ஃப்ரீடன் போன்ற புகழ்பெற்ற அமெரிக்கத் தலைவியருக்கு அங்கே கடுமையான எதிர்ப்பு எழுந்தது. மாதர் பக்கம் எந்த மாதருக்கு உரியது என்று ஹூஸ்டனில் எவரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி மெக்சிகோவில் ஒலிபெருக்கியில் கேட்டது. ஐம்பதுகளில் மணமகள் படங்களை வரிசைப்படுத்திய அதே கைகள் இப்பொழுது உலகப் பெண்களின் வழக்குகளைப் பக்கம் பக்கமாக அமைத்தன. எட்டுப் பக்கமும் மாதர் பக்கம். எட்டுப் பக்கமும் செய்திப் பக்கம்.

1976 சனவரியில் கன்னெட் என்னும் பத்திரிகைக் குழுமம் அவரை ஏற்றுக்கொண்டது. சிறு நகர நாளிதழ்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பெருகிவந்த வணிக நிறுவனம் அது. இலாபத்தில் கண்ணுடையது என்று பத்திரிகையாளர் பலர் அதைப் பழித்ததுண்டு. அப்பழியில் உண்மையும் உண்டு. ஆனால் அதன் தலைவர் அல் நியூஹார்த், பெண்களைப் பொறுப்பான பதவிகளில் அமர்த்துவதை வெளிப்படையான கொள்கையாகக் கொண்டிருந்தார். கொள்கைச் செறிவு மிக்க பத்திரிகைகள் கொடுக்காத இடத்தை ஒரு வணிகக் குழுமம் கொடுத்தது. ஐடஹோ மாநிலத்து பாய்சி நகரில் வெளிவந்த ஐடஹோ ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் துணை நிர்வாக ஆசிரியராகச் சேர்ந்த பாக்ஸன், 1978-இல் பென்சில்வேனியாவின் சேம்பர்ஸ்பர்க் நகரில் வெளிவரும் பப்ளிக் ஒப்பீனியன் நாளிதழுக்கு வெளியீட்டாளரானார். அமெரிக்க வழக்கில் வெளியீட்டாளர் என்பவர் ஒரு பத்திரிகையின் முழுத் தலைவர். ஆசிரியப் பிரிவு மட்டுமன்றி அச்சுக்கூடமும் விளம்பரமும் விற்பனையும் அவர் கைக்குள் வரும். 1980-இல் ஓக்லஹோமா மாநிலத்து மஸ்கோகி ஃபீனிக்ஸ் நாளிதழுக்கு அதே பொறுப்பில் சென்று, 1986-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். விலகிக்கொள்கிறேன் என்று கையொப்பமிட்டு நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, தாமாக விரும்பி விலகினார்.

டோரதி ஜர்னியும் சும்மா இருக்கவில்லை. நாளிதழ்களின் ஆசிரியப் பொறுப்புகளில் பெண்கள் எத்தனை பேர் என்று 1977 முதல் ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிட்டுவந்தார். வாஷிங்டனில் தம் பதவியைப் பிறருக்குக் கற்றுக்கொடுத்து விட்டுவந்த அந்த அம்மையார், யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பெயர் பெயராக எண்ணினார். முறையிடுவதைக் காட்டிலும் எண்ணிக்காட்டுவது பத்திரிகை அதிபர்களுக்கு அதிகமாக உறைத்திருக்க வேண்டும்.

பாக்ஸன் தம் ஓய்வுக்கு அடுத்த ஆண்டில் செய்த செயலே அவர் பெயரை இன்று நாம் அறியக் காரணமாயிற்று. 1987-இல் தம் சொந்தப் பணத்திலிருந்து 50,000 டாலரை மிசௌரிப் பல்கலைக்கழகத்துக்கு அளித்து, பத்திரிகைத் துறையில் பெண்கள் ஆற்றிய பணியின் ஆவணங்களைத் திரட்டிக் காக்கும் ஒரு தேசியத் தொகுப்பைத் தோற்றுவித்தார். கணக்கில் அது பெருஞ்செல்வர் கொடையன்று. மாதச் சம்பளத்தில் வாழ்ந்து சேர்த்த ஒருவரின் கொடை. முதற்பக்கத்தாரின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் பல்கலைக்கழகங்களின் பாதுகாப்பில் இருந்தன. மாதர் பகுதியினரின் தாள்கள் அவர்கள் ஓய்வு பெற்ற அன்றே குப்பைக்குப் போயின. பழைய நாளிதழ்களைப் படச்சுருளில் பார்க்கும் ஆய்வாளரும் அப்பக்கங்களை நிறுத்திப் படிக்காமல் சுழற்றிச் சென்றுவிடுவர். தாள் இல்லாத இடத்தில் வரலாறும் இல்லை என்பதை, ஒரு தாளால் வேலையிழந்தவர் நன்கு உணர்ந்திருந்தார் போலும்.

அதன்பின் வாஷிங்டன் பத்திரிகையாளர் அறக்கட்டளை பெண் பத்திரிகையாளர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்ய முனைந்தபொழுது பாக்ஸன், ஜர்னி, காசில்பெர்ரி முதலியோரின் நினைவுகள் ஒலிநாடாவில் ஏறின. இன்று மாதர் பக்கங்களைப் பற்றி எழுதப்படும் ஆய்வு நூல்களுக்கு அவ்வொலிப் பதிவுகளும் கொலம்பியா நகரத்துப் பெட்டிகளுமே பெருந்துணையாக உள்ளன. பாக்ஸன் 2017 ஜூன் மாதம் தம் தொண்ணூற்று மூன்றாம் வயதில் மஸ்கோகியில் காலமானார். அவருடைய தாள்களும் அத்தொகுப்பில்தான் இருக்கின்றன.